பீமார் சீட்

போன மாதம் மகள் வீட்டுக்குப் போகலாம் என்று கப்பல் டிக்கெட் எடுக்க செல்போனும் கையுமாக உட்கார்ந்தேன். இப்போது எல்லாம் ஆப்பில் வந்துவிட்டது. பெயர், வயது, எந்தத் தீவு என்று கேட்டுக்கொண்டே வந்த ஆப், நடுவில் ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டி, பயணி நோயாளியா என்று கேட்டது. ஆமாம் என்றால் கட்டத்தில் ஒரு டிக். டிக் போட்டால் முன்னுரிமை.

பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "போடுங்க டிக்கு. தினம் முட்டிக்குத் தைலம் தேய்ச்சு விடறது நான்தானே? அது நோய் இல்லாம என்னவாம்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, அந்தக் கட்டத்தின் மேல். விரலால் ஒரு தட்டுத் தட்டினால் மனிதன் நோயாளி ஆகிவிடலாம் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கள் காலத்தில் நோயாளியாக நடிக்க என்ன பாடு பட வேண்டியிருந்தது தெரியுமா? நாலு ஆள் வேண்டும், ஒரு கதவு வேண்டும், காலையிலிருந்து வெயிலில் அசையாமல் கிடக்க வேண்டும். பொய்க்கும் ஒரு உழைப்பு இருந்தது.

நான் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பல்களுக்கு டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, இப்போது குடியிருப்பது எல்லாம் போர்ட் பிளேரின் டெலானிபூர் மேட்டில். வேலைக்குச் சேர்ந்து போர்ட் பிளேரில் முத்திரை குத்தக் கற்றுக்கொண்டேன், ரங்கத் துறைமுகத்தில் பேச்சு வாங்கக் கற்றுக்கொண்டேன், கார் நிக்கோபாரில் இரண்டையும் சிரித்த முகத்தோடு செய்யக் கற்றுக்கொண்டேன். டிக்கெட் இல்லை என்பதை எத்தனை மொழியில் சொல்ல முடியுமோ அத்தனையிலும் சொல்லப் பழகினேன். அதில் விவரிக்க ஒன்றும் இல்லை. விவரிக்க வேண்டியதெல்லாம் அதற்கும் தெற்கே ஒரு தீவுக்கு மாற்றலாகிப் போன பிறகுதான் நடந்தது. தீவின் பெயர் வேண்டாம். அங்கே எனக்கு வேண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தத் தீவுக்குக் கப்பல் வாரம் ஒரு தடவை வரும், கடல் மனசு வைத்தால். வந்த கப்பலில் எங்கள் தீவுக்கென்று ஒதுக்கிய இடம் கொஞ்சம்தான். போக வேண்டியவர்களோ தீவு முழுவதும். அதில் ஆறு படுக்கை மட்டும் தனி. கப்பலில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்த சின்ன அறையில் இருக்கும் அந்த ஆறும் போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகளுக்கு. காகிதத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆனால் எங்கள் தீவுகளில் வீட்டுக்குள் எந்த மொழி பேசினாலும் வரிசையில் வந்து நின்றுவிட்டால் எல்லாருக்கும் இந்திதான். நோயாளிக்கு இந்தியில் பீமார். ஆகவே அது பீமார் சீட்.

நான் போன புதிதில் பீமார் சீட் கொடுக்கும் முறை இதுதான். ஒருவர் கவுண்டருக்கு வந்து, அம்மாவுக்கு முடியவில்லை என்பார். நான் அவரைப் பார்க்க மாட்டேன். அவருக்குப் பின்னால் நிற்கிற வரிசையைப் பார்த்து, "சரிதானா?" என்று கேட்பேன். வரிசை சொல்லிவிடும். ஆமாம், நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை என்று ஒருவர் சொல்வார். நானும் போய்ப் பார்த்தேன் என்பார் இன்னொருவர். உடனே சீட்டு. ஒரு தடவை ஒருவர் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்ல, வரிசையின் கடைசியிலிருந்து அவருடைய அம்மாவே எட்டிப் பார்த்தார். காய்கறி வாங்க வந்தவர், கூட்டம் எதற்கு என்று பார்க்க நின்றிருக்கிறார். அந்த ஆள் அதற்கப்புறம் ரொம்ப நாளைக்குக் கவுண்டர் பக்கமே வரவில்லை.

சின்னத் தீவு. யார் வீட்டில் என்ன குழம்பு என்பதே எல்லாருக்கும் தெரியும், யாருக்கு என்ன நோய் என்பது தெரியாதா? ஆறு படுக்கையில் இரண்டு மூன்று காலியாகவே போகும். பொய் சொல்லக்கூடாது என்று அங்கே யாரும் எழுதி ஒட்டவில்லை. பொய் சொல்வதென்றால் பக்கத்து வீட்டுக்காரன் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும், அது எல்லாராலும் முடிகிற காரியம் இல்லை.

அப்போதுதான் தனசேகரன் சார் எங்கள் மேலதிகாரியாக வந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். போர்ட் பிளேரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஒல்லி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாள் முழுவதும் வெந்நீர் குடிப்பார். முறையாகப் பரீட்சை எழுதித் தேறிய கால்பந்து ரெஃப்ரி. சனி, ஞாயிறுகளில் தீவு மைதானத்தில் விசில் ஊதுவார், மற்ற நாட்களிலும் விசிலைக் கழற்ற மாட்டார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் அட்டை இருக்கும். வரிசையில் முண்டுகிறவனுக்கு வெளியே வந்து மஞ்சள் அட்டை காட்டுவார். இரண்டாவது மஞ்சள் வாங்கினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். கிராமத்துக் கேப்டன் ஒருவரே, நிக்கோபாரிகளில் ஊர்ப் பெரியவரை அப்படித்தான் சொல்வோம், ஒரு தடவை மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றார். சார் மேல் யாருக்கும் வெறுப்பு வரவில்லை, ஏனென்றால் அவர் தனக்கும் விதி வைத்திருந்தார். லஞ்சமாக ஒரு இளநீர்கூட வாங்கியதில்லை.

வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு, பீமார் சீட் எந்த விதியின்படி கொடுக்கிறாய் என்று கேட்டார். வரிசையைக் கேட்டுக் கொடுக்கிறேன் என்றேன். அவர் வெந்நீரைக் கீழே வைத்தார்.

"பாண்டியன், பார்க்க வந்த கூட்டத்தைக் கேட்டா கோல் குடுப்பாங்க?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் விதி வந்துவிட்டது. டாக்டர் சான்றிதழ் இருந்தால்தான் பீமார் சீட்.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் மெயின்லேண்டிலிருந்து படிப்பு முடித்து நேராக வந்தவர், தனி ஆள். அவருடைய குவார்ட்டர்ஸுக்குக் கரண்ட் கொடுக்கிறவர் லைன்மேன். தண்ணீர் திறந்துவிடுகிறவர் இன்னொருவர். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் பரமசிவம் மாஸ்டர். இவர்கள் வந்து, பொங்கலுக்கு ஊருக்குப் போகணும் டாக்டர், இடுப்பு வலிக்கிறது என்றால் அவர் என்ன செய்வார்? இடுப்பு வலியை எந்த மெஷினாலும் பொய்யென்று சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்தார்.

முதலில் ஒருவர்தான். வரிசை அவரை முறைத்தது. ஆனால் காகிதம் வந்த பிறகு வரிசையிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை, சொல்ல வரிசைக்கும் உரிமை இல்லை. மனுஷன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லக் கூசியவர்கள் காகிதத்தை நீட்டக் கூசவில்லை. பொய் சொன்னது டாக்டர்தானே. டாக்டர் என்ன நினைத்திருப்பார்? சீட்டுக் கொடுக்கிறது நான்தானே என்று நினைத்திருப்பார். ஆக மொத்தம் யாரும் பொய் சொல்லவில்லை, ஆறு படுக்கையும் நிரம்பிவிட்டது.

அந்த வருஷம் தீவில் இடுப்பு வலி கொள்ளைநோய் மாதிரி பரவியது. அதற்கும் ஒரு பருவம் இருந்தது. தமிழர்களுக்குப் பொங்கலுக்கு முன்னால் வரும், வங்காளிகளுக்குத் துர்கா பூஜைக்கு முன்னால் வரும், மலையாளிகளுக்கு ஓணத்துக்கு. ஆஸ்பத்திரிக் கணக்கில் இதைப் பார்த்து அரண்டுபோய் மேலிடத்திலிருந்து ஒரு மருத்துவக் குழுவை அனுப்பினார்கள். அவர்கள் தீவைச் சுற்றி வந்து, தென்னை மரம் ஏறுவதால் வருகிற வலி இது என்று கண்டுபிடித்தார்கள். வலி வந்தவர்கள் பூராவும் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் இருக்கிறவர்கள், மரம் ஏறுகிறவன் ஒருவனுக்கும் வலி இல்லை. அந்தக் குழுவுக்குத் திரும்பிப் போக டிக்கெட் கிடைக்கவில்லை. கடைசியில் நாலு பேரும் இடுப்பு வலிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பீமார் சீட்டில்தான் போனார்கள். நான்தான் கொடுத்தேன்.

தனசேகரன் சாருக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை, ஒருவிதமான உற்சாகம்தான் வந்தது. பெனால்டி கிடைக்கும் என்று தெரிந்தால் நல்ல ஆட்டக்காரனும் கோல் பக்கத்தில் விழுவான் என்று எனக்கு விளக்கினார். அதில் அவன் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. விழுவதைக் கஷ்டமாக்க வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டு அடுத்த விதியைத் தானே நின்று ஒட்டினார். நோயாளி ஸ்ட்ரெச்சரில் படுத்த நிலையில்தான் கப்பல் அணையும் ஜெட்டிக்கு வர வேண்டும், ஏற்றும் வரை எழுந்திருக்கக் கூடாது. நடந்தோ உட்கார்ந்தோ வருகிறவர் நோயாளி அல்ல.

வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள் என்று அவர் நினைத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த கப்பலுக்கு ஜெட்டியைப் பார்க்க வேண்டுமே. ஆஸ்பத்திரியில் இருந்த ஸ்ட்ரெச்சர் இரண்டே இரண்டு. மற்றவர்கள் கதவைக் கழற்றி அதன் மேல் படுத்து வந்தார்கள். ஒருவர் பெஞ்சில் வந்தார். கிளப்பில் இருந்த டேபிள் டென்னிஸ் மேஜையில் பாதியைக் கழற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். ஒவ்வொருவருக்கும் தூக்க நாலு பேர். இந்த வாரம் நீ என்னைத் தூக்கு, பூஜைக்கு நான் உன்னைத் தூக்குகிறேன் என்று அவர்களுக்குள் ஒப்பந்தம். இதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை, ஒருவரும் ஏமாற்றவும் இல்லை. சொன்ன நாளில் சொன்ன ஆள் கதவைத் தூக்க வந்து நின்றான். தீவில் நம்பிக்கை குறைந்துபோனது என்று யாரும் சொல்ல முடியாது. எங்களை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

சார் விடுவாரா. படுத்திருப்பவர்களுக்கு நடுவில் மெதுவாக நடப்பார், திடீரென்று "பாம்பு" என்பார். ஒரு தடவை அப்படிச் சொன்னபோது தூக்கி வந்த நாலு பேரும் ஓடிவிட்டார்கள். படுத்திருந்தவர் அசையவில்லை. அவர் உண்மையிலேயே தூங்கிப் போயிருந்தார். இன்னொருவருடைய காலைத் தெருநாய் ஒன்று ரொம்ப நேரம் நக்கியது, அவர் கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர கால் அசையவில்லை. அன்றைக்கு எனக்கு அவர் மேல் மரியாதையே வந்துவிட்டது.

கடைசியாக ஒரு விதி வந்தது. நோய் பொய் என்று நிரூபணமானால் அந்த ஆளுக்கு ஒரு வருஷம் கப்பல் டிக்கெட் கிடையாது. இதைக் கேட்டுத்தான் தீவு நடுங்கியது. ஒரு வருஷம் கப்பல் இல்லை என்றால் ஒரு வருஷம் அதே தீவு, அதே முகங்கள். சார் அதை முதலில் பிரயோகித்தது யார் மேல் என்று நினைக்கிறீர்கள்? சொந்த மைத்துனன் மேல். அவன் கதவில் படுத்தபடியே பீடி பற்ற வைத்துவிட்டான். அதற்கப்புறம் சாரின் வீட்டில் அவருக்கு வெந்நீர்கூட அவரே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மீனாட்சி வந்தாள்.

பொங்கலுக்கு முந்தின கப்பல். ஆறு பேர் விடியற்காலையிலேயே வந்து ஜெட்டியில் வரிசையாகப் படுத்தாகிவிட்டது. முதல் கதவில் பரமசிவம் மாஸ்டர். அவருக்கு மச்சினியின் கல்யாணம், அவர் போகாவிட்டால் தாலி எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை என்று வீட்டம்மா முன்னாலேயே போய்க் காத்திருந்தார். தூக்கி வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். அப்போது தோட்டத்து டிராக்டர் ஒன்று ஜெட்டிக்குள் வந்தது. பின்னால் டிரெய்லரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவள் உட்கார்ந்திருந்தாள். புருஷன் சுப்பையா நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவர்கள் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து அந்தக் காலத்தில் கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பங்கள். தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்கள். மீனாட்சிக்கு நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. ஒரு வார்த்தை சொல்லி, மூச்சு வாங்கி, அடுத்த வார்த்தை சொன்னாள். டாக்டர் டிரெய்லரின் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

இதயம் பழுது, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே போர்ட் பிளேர் போகணும், வழியில் ஆக்சிஜன் வேண்டும் என்றார். ஹெலிகாப்டர் வேறு தீவுக்குப் போயிருந்தது. அடுத்த கப்பலுக்கு இவள் இருக்க மாட்டாள் என்று என் காதருகே மெதுவாகச் சொன்னார்.

தனசேகரன் சார் வந்தார். முதலில் அவர் பார்த்தது நாற்காலியை. "படுக்க வைங்க," என்றார். வேண்டாம் சார் என்று டாக்டர் சொல்வதற்குள் சுப்பையா அவளை இறக்கி அங்கிருந்த பெஞ்சில் சாய்த்துவிட்டான். பாவம், விதி அவனுக்கும் தெரியும். சாய்த்த மாத்திரத்தில் அவள் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள். உதடு நீலம் பாரித்தது. டாக்டர் தாவி அவளை நிமிர்த்தி உட்கார வைத்தார்.

"படுத்தா மூச்சு முட்டிச் செத்துருவாங்க சார். இவங்களால உட்காரத்தான் முடியும்."

"படுக்க முடியாத நோயாளியா?" என்றார் சார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்கு விளங்கவில்லை. அந்த ஜெட்டியில் ஆறு பேர் சுகமாகப் படுத்திருந்தார்கள். நோய் உள்ளவள் ஒருத்திதான், அவளால்தான் படுக்க முடியவில்லை. நோயாளியைக் கண்டுபிடிக்க நாங்கள் வைத்த பரீட்சையில் ஆரோக்கியமானவன்தான் தேற முடியும் என்பது அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது.

இந்த அம்மாவுக்கு உண்மையாகவே நோய் என்று டாக்டர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். சார் அவரைப் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. ஆறு பேருக்கும் இதே கையெழுத்துத்தானே போட்டிருக்கிறாய். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

படுக்கை ஆறுதான், ஆறும் போயாகிவிட்டது. ஒருவரை இறக்க வேண்டும் என்றால் அவர் நோய் பொய் என்று நிரூபிக்க வேண்டும். சார் அந்த ஆறு கதவுகளுக்கும் முன்னால் போய் நின்று, உங்களில் யாருக்காவது தேவலையாக இருக்கிறதா என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல மனம் இல்லாமல் இல்லை. ஒன்றுமில்லை என்று சொல்லி எழுந்தால் ஒரு வருஷம் கப்பல் கிடையாது. மன்னித்து விடுகிறேன் என்று சொல்ல சாராலும் முடியாது, மைத்துனன் அங்கேயே வரிசை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். பொய்யைத் தடுக்கப் போட்ட விதி பொய்யர்களை எழுந்திருக்க விடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. கப்பல் முதல் சங்கு ஊதியது.

பரமசிவம் மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார்.

"சார், எனக்குச் சரியாப் போச்சு."

சார் விசிலை வாயருகே கொண்டுபோனார். "அப்ப பொய்யா?"

"பொய் இல்ல சார். காலையில இருந்துச்சு. இப்ப இல்ல. குணமாயிட்டேன்."

சார் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். அந்த டாக்டர் வந்த நாளிலிருந்து செய்த நல்ல வைத்தியம் அதுதான் என்று நான் சொல்வேன். கதவுக்குப் பக்கத்தில் மண்டியிட்டார். மாஸ்டரின் இடுப்பை மூன்று இடத்தில் அழுத்தினார், காலைத் தூக்கி மடக்கினார், குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். பிறகு எழுந்து, "பூரண குணம் சார்," என்றார்.

பொய் நோய்க்குத்தான் விதி இருந்தது. குணமானவனுக்கு விதி இல்லை. சார் விசிலை இறக்கிவிட்டு, "கீழ விழுந்தவன் எந்திரிச்சுட்டா ஆட்டம் நடக்க வேண்டியதுதான்," என்றார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, இரண்டாவது கதவில் இருந்த ஹெட் கான்ஸ்டபிள் ஹல்தார் எழுந்து, "மேரா பி டீக் ஹோ கயா," என்றார். அவருக்கும் குணமாகிவிட்டதாம். லைன்மேனுக்குக் குணமானது. டேபிள் டென்னிஸ் மேஜையில் கிடந்தவருக்குக் குணமானது. ஆறு பேரும் எழுந்துவிட்டார்கள். ஒரு படுக்கை போதும், ஒருவர் எழுந்தால் போதும் என்று சொல்ல எனக்கு நேரமே கிடைக்கவில்லை. டாக்டர் ஓடி ஓடி இடுப்பை அமுக்கிப் பூரண குணம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவரைத் தூக்கி வந்த நாலு பேர், இதற்காகவா உன்னை மேட்டிலிருந்து சுமந்து வந்தோம் என்று சண்டைக்கே போனார்கள்.

மிச்சம் இருந்தது படுத்த நிலை. சார் தன் விதியைத் தானே ஒரு முறை வாசித்துப் பார்த்தார். பிறகு மாஸ்டர் இறங்கிய கதவைக் காட்டினார், அதன் மேல் மீனாட்சியின் நாற்காலியை வைக்கச் சொன்னார். ஸ்ட்ரெச்சரில்தானே வருகிறாள் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். கதவை நாலு பேர் தூக்கினார்கள். சற்று முன்னால் வரை இடுப்பு வலியில் கிடந்த மாஸ்டர், ஹல்தார், லைன்மேன், இன்னொருவர். சப்பரத்தில் சாமி போகிற மாதிரி பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் போனாள். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு சுப்பையா போனான். சார் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கப்பல் புறப்பட்டது. மற்ற ஐந்து படுக்கையும் காலியாகவே போயின. நோயாளிக்கென்று ஒதுக்கியதை ஆரோக்கியமானவனுக்குக் கொடுக்க விதி இல்லை, குணமானவர்களோ திரும்ப நோயாளியாக முடியாது. ஒருவர் மட்டும், பழையபடி லேசாக வலிக்கிற மாதிரி இருக்கிறது சார் என்று ஆரம்பித்தார். சார் மஞ்சள் அட்டையை எடுத்தார், அவர் நிறுத்திக்கொண்டார்.

ஜெட்டியில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த மாஸ்டரிடம் போய், ஒருத்தர் எழுந்திருந்தால் போதுமே, இத்தனை பேருமா என்று கேட்டேன். கல்யாணம் போச்சு, வீட்டம்மா என்ன சொல்வார் என்ற பயம் அவர் முகத்தில் அப்பியிருந்தது.

"ஒருத்தன் எந்திரிச்சாப் போதும்னு எல்லாருக்கும் தெரியும் பாண்டியன். அந்த ஒருத்தன் நான் இல்லாமப் போயிட்டா அப்புறம் நான் எப்படித் தூங்குறது?" என்றார்.

இதோடு எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று எழுதினால் கதை அழகாக முடியும். ஆனால் மனுஷன் அப்படி இல்லையே. சார் குணமானவர்களுக்கு ஒரு விதி எழுத முயன்றார், எழுத வரவில்லை. படுத்த நிலை என்பதை மட்டும் படுத்தோ உட்கார்ந்தோ என்று மாற்றினார். இரண்டு கப்பல் வரை ஒருவரும் படுக்கவில்லை. மூன்றாவது கப்பலுக்கு ஒரு கதவு வந்தது. நாலாவதுக்கு மூன்று. ஐந்தாவது கப்பலுக்குப் பழையபடி ஆறும் வந்துவிட்டன. முதல் கதவில் யார் என்று பார்த்தால் பரமசிவம் மாஸ்டர். கல்யாணத்துக்குத்தான் போக முடியவில்லை, வீட்டம்மா அங்கிருந்து திரும்பி வர மாட்டேன் என்கிறார், நேரில் போய்க் காலில் விழுந்தால்தான் ஆகும் என்று என்னிடம் முன்னாலேயே சொல்லியிருந்தார். எனக்கு அவர் மேல் எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

அந்தக் கப்பலில்தான் மீனாட்சி திரும்பி வந்தாள். சுப்பையாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, ஆனால் தன் காலால் நடந்து இறங்கினாள். கால் வீக்கம் வடிந்திருந்தது. நேராகக் கவுண்டருக்கு வந்தாள்.

"ஐயா, எனக்கு எடத்த குடுத்துட்டு எறங்குனாங்களே அந்த சீக்காளிங்க, அவுங்கல்லாம் இப்ப எப்பிடிங்க இருக்காங்க?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் முந்தானையில் முடிந்திருந்த விபூதிப் பொட்டலங்களைக் காட்டிய பிறகுதான் விளங்கியது. ஆறு பொட்டலம். போர்ட் பிளேரில் ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் முருகன் கோயிலுக்குப் போய், ஆறு பேருக்கும் அர்ச்சனை செய்து வாங்கி வந்திருக்கிறாள். பெயர் தெரியாததால் சீக்காளி, சீக்காளி என்று சொல்லியே செய்திருக்கிறாள். நான் சுப்பையாவைப் பார்த்தேன். அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வாய் திறப்பதற்குள் அவள் ஜெட்டியில் படுத்திருந்தவர்களைப் பார்த்துவிட்டாள். முதல் கதவில் மாஸ்டரின் முகம். அவளுக்கு அது மறக்குமா? அப்படியே நின்றாள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இன்னும் படுத்த படுக்கையாகவே கிடக்கிறாரே, அன்றைக்குப் போயிருந்தால் இந்நேரம் சுகமாகியிருக்குமே, என்னால்தானே என்று அழுதாள். பொட்டலத்தைப் பிரித்து அவர் நெற்றியில் பூசினாள். மாஸ்டர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவள் திரும்பி தனசேகரன் சாரைப் பார்த்தாள்.

"தொரை, அன்னிக்கி எனக்காக எறங்குன மனுசருங்க. இன்னிக்காவது இவரக் கட்டாயம் அனுப்பிச்சிருங்க."

மாஸ்டரால் அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார். குரல் எல்லாருக்கும் கேட்டது. "அன்னிக்கும் ஒண்ணும் இல்ல. எப்பவுமே ஒண்ணும் இல்ல."

நான் சாரைப் பார்த்தேன். ஒரு வருஷம். சாரின் கை விசிலைத் தொட்டது.

மீனாட்சி பதறிப்போனாள். "இல்லீங்க தொரை, நம்பிறாதீங்க," என்றாள். "வேற யாருக்கோ எடத்த விட்டுக்குடுக்கத்தான் திரும்பவும் இப்பிடிச் சொல்றாருங்க."

சாரின் கை விசிலிலிருந்து இறங்கிவிட்டது. மாஸ்டர் எழுந்து, நெற்றியில் விபூதியோடு, பெட்டியை எடுத்துக்கொண்டு சாதாரண வரிசையின் கடைசியில் போய் நின்றார். அன்றைக்கு அங்கிருந்து அவருக்கு டிக்கெட் கிடைக்க வழியே இல்லை, அது அவருக்கும் தெரியும். மீனாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிச்சம் இருந்த பொட்டலங்களைக் கையில் எடுத்தாள். இரண்டாவது கதவை நோக்கி நடந்தாள். அவள் போய்ச் சேருவதற்குள் அதில் ஆள் இல்லை.